ஹியூ பிளேயர்: விரிவுரைகளில் தொடங்குவதா, பிரசங்கங்களில் தொடங்குவதா?

#1 நாணல்

தத்துவவாதி ஹியூமைப் பற்றியோ பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தைப் பற்றியோ படிக்கும் இடத்திலெல்லாம் ஹியூ பிளேயர் என்ற பெயர் ஓரமாக வந்து நிற்கிறது. 1718-இல் எடின்பரோவில் பிறந்து 1800 டிசம்பரில் இறந்தவர். நகரின் தலைமைத் தேவாலயமான செயின்ட் ஜைல்ஸில் போதகர். அதே சமயம் பல்கலைக்கழகத்தில் சொற்கலைப் பேராசிரியர். பெரிய வேலைகள் இரண்டு: 1783-இல் அச்சான 47 விரிவுரைகள், 1777 தொடங்கி ஐந்து தொகுதிகளாக வந்த பிரசங்கங்கள். ஒன்று வாக்கியத்தைத் திருத்துகிறது, மற்றது ஆளைத் திருத்துகிறது.

எல்லாவற்றையும் படிக்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள். எதை முதலில் எடுப்பது, எதைத் தாண்டிப் போகலாம்?

#2 தாழ்வாரம்

முதல் விரிவுரையில் மட்டும் தொடங்காதீர்கள். ரசனை, மேன்மை, அழகு என்று முதல் ஐந்தும் அந்த நூற்றாண்டில் பேனா பிடித்த எல்லாரும் எழுதிய சரக்கு. ஆறு முதல் ஒன்பது வரை மொழியின் தோற்றமும் இலக்கணமும். அதைப் பிறகு ஒரு காரணத்துக்காகப் பார்க்க வேண்டிவரும், இப்போது வேண்டாம்.

நேராக 20-ஆம் விரிவுரைக்குப் போங்கள். முந்தின தலைமுறைக் கட்டுரையாளர் அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் 411-ஆம் இதழில் எழுதிய கட்டுரையை எடுத்து வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப்போடுகிறார். 20 முதல் 23 வரை நான்கு விரிவுரைக்கு நான்கு இதழ்கள், 411 முதல் 414 வரை. 24-இல் அதே கத்தி 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஸ்விஃப்ட்டின் மேல் இறங்குகிறது.

ஒரு மாதிரி. 411-இன் முதல் வாக்கியம்: நம் புலன்கள் எல்லாவற்றிலும் பார்வையே மிக நிறைவானது, மிக இன்பமானது. பிளேயர் இதைப் பாராட்டுகிறார். தெளிவு, எளிமை, மேலே சொல்லப்போவதன் கரு நாலு சொல்லில் முன்னால் வந்துவிட்டது. முதல் வாக்கியம் நீளமாக இருப்பது அரிதாகத்தான் இருக்க வேண்டும், சிக்கலாக ஒருநாளும் இருக்கக் கூடாது என்கிறார். அதோடு விடவில்லை. ஆங்கிலத்தில் 'த மோஸ்ட் பெர்ஃபெக்ட், அண்ட் மோஸ்ட் டிலைட்ஃபுல்' என்று இருக்கிறது. இரண்டாவது 'மோஸ்ட்'டுக்கு முன்னால் 'த' இல்லை. அது ஏன் நல்லது? அந்தச் சின்னச் சொல்லைத் திரும்பப் போட்டால் இரண்டு தன்மைகளும் தனித்தனியே பிரிந்து எதிரெதிராக நிற்கும். இங்கே அவை ஒன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டியவை. ஒரு 'த'வுக்கு இவ்வளவு பேச்சு!

மூன்றாவது வாக்கியத்துக்கு வந்ததும் அடி விழுகிறது. தொடுபுலன் எதுவரை தெரிவிக்கும், எங்கே நின்றுவிடும் என்று அடிசன் சொல்ல வந்தது, பிளேயர் பார்வையில், தெளிவில்லாமல் குழம்பிக் கிடக்கிறது. தாம் முன்மாதிரியாகக் கொண்டாடும் ஆளையே இப்படி நிறுத்திக் கேள்வி கேட்பதில்தான் இந்த நூலின் உயிர் இருக்கிறது.

#3 முற்றுப்புள்ளி

சிவப்பு மசி வாத்தியார் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லண்டன் ஆங்கிலத்தில் பிழை வந்துவிடுமோ என்று பயந்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு நடத்திய வகுப்பு. அந்தப் பயம் நமக்கு இல்லை. இன்றைக்கு எடுத்துப் பயன்படுத்த அதில் என்ன இருக்கிறது? ஒன்று காட்டுங்கள்.

#4 தாழ்வாரம்

பயம் இருந்தது உண்மைதான், ஆனால் கருவி அதைவிட நாள் தாங்கியது. யேலிலும் ஹார்வர்டிலும் பாடநூலாக இருந்தது. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் என்று மொழிபெயர்ப்புகள் வந்தன. அங்கே யாருக்கும் ஸ்காட்லாந்து உச்சரிப்புக் கவலை கிடையாது.

ஒன்று கேட்டீர்கள். 11-ஆம் விரிவுரை. வாக்கியத்துக்கு நான்கு குணம் என்கிறார்: தெளிவு, ஒருமை, வலிமை, ஓசை. ஒருமைக்கு முதல் விதி, ஒரே வாக்கியத்துக்குள் காட்சி மாறக் கூடாது. ஆளுக்கு ஆள், பொருளுக்குப் பொருள் தாவக் கூடாது. அவர் தரும் கெட்ட வாக்கியம் ஏறக்குறைய இப்படி:

"நாங்கள் நங்கூரம் பாய்ச்சிய பின் அவர்கள் என்னைக் கரையில் இறக்கிவிட்டார்கள், அங்கே நான் என் நண்பர்கள் எல்லாராலும் வரவேற்கப்பட்டேன், அவர்கள் மிகுந்த அன்போடு என்னை உபசரித்தார்கள்."

நாங்கள், அவர்கள், நான், மறுபடி அவர்கள் (இந்த அவர்கள் வேறு அவர்கள்). நான்கு கைக்கு மாறுகிறது. தொடர்புள்ள செய்திகள்தான், ஆனாலும் படிப்பவன் எங்கே நின்று பார்ப்பது என்று தெரியாமல் அலைகிறான். பிளேயர் 'நான்' ஒன்றையே எழுவாயாக வைத்துக் கடைசிவரை இழுத்துச் சரிசெய்கிறார்: நங்கூரம் பாய்ச்சியதும் நான் இறக்கப்பட்டேன், வரவேற்கப்பட்டேன், உபசரிக்கப்பட்டேன்.

#5 பனையோலை

அந்தத் திருத்தத்தை அப்படியே தமிழில் எடுத்தால் கேட்கச் சகிக்காது. 'இறக்கப்பட்டேன், வரவேற்கப்பட்டேன்' என்று யார் பேசுகிறார்கள்? செயப்பாட்டுவினை ஆங்கிலத்தில் எழுவாயை மாற்றாமல் காப்பாற்றும் சாதனம். நம்மிடம் அதற்கு வேறு சாதனம் இருக்கிறது, வினையெச்சம். 'செய்து' என்னும் எச்சம் முடிக்கும் வினையின் வினைமுதலையே கொள்ளும் என்று தொல்காப்பியமே விதி வைத்துவிட்டது. பிளேயர் அறிவுரையாகச் சொல்வது இங்கே இலக்கணத்திலேயே பாதி இருக்கிறது.

ஆக, "நங்கூரம் பாய்ச்சியதும் கரையில் இறங்கினேன். நண்பர்கள் எல்லாரும் திரண்டு வந்து வரவேற்று அன்போடு உபசரித்தார்கள்." இரண்டு ஆள், இரண்டு வாக்கியம். விதியின் நோக்கம் நிறைவேறிவிட்டது, வழி வேறு.

எங்கே இது கெடும் என்றால், எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் நடுவில் ஓர் 'என்பதால்' வந்து எழுவாயைத் திருப்பிவிடும் இடத்தில். அரசாணை நடையில் இதைத் தினமும் பார்க்கலாம்.

#6 முற்றுப்புள்ளி

சரி, இது பயன்படும். ஆனால் எல்லா விதியும் இப்படிக் கடல் தாண்டாது. வாக்கியத்தை அற்பச் சொல்லில் முடிக்காதே என்கிறார். 'பேராசை அறிவாளிகளும் அடிக்கடி ஆளாகும் குற்றம்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அது 'ஆஃப்' என்ற உருபில் முடிந்து தொங்குகிறது, அதை முன்னால் தள்ளு என்கிறார். தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், வினை கடைசியில் வந்து உட்காரும். தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை.

#7 தாழ்வாரம்

உருபு தொங்காதுதான். ஆனால் 'இருக்கிறது', 'ஆகும்', 'என்பது குறிப்பிடத்தக்கது' தொங்கும். 12-ஆம் விரிவுரையில் வலிமைக்கு அவர் வைக்கும் முதல் விதியே, வேலை செய்யாத சொல்லை வெட்டு என்பது. கூடவே இணைப்புச் சொற்களைக் கவனி. தலையாய சொல்லை அது முழுசாக ஒலிக்கும் இடத்தில் வை. உறுப்புகள் சிறிதிலிருந்து பெரிதாக ஏறட்டும். இரண்டை ஒப்பிட்டால் அவற்றின் சொல்லமைப்பும் ஒத்திருக்கட்டும். இதில் எது கடல் தாண்டாது?

உருவகத்துக்கு 15-ஆம் விரிவுரையில் ஒரு சோதனை வைத்திருக்கிறார், எனக்கு அதுதான் நூலிலேயே கைக்கு அடக்கமானது. எழுதிய உருவகத்தை மனதுக்குள் பென்சிலால் வரைந்து பார். படம் கூடி வருகிறதா? அடிசன் தம் கவிதை ஒன்றில் துள்ளும் தம் கலைமகளைக் கடிவாளம் போட்டு அடக்குகிறார். அவளோ துணிந்த பாட்டுக்குள் கப்பல்போல் இறங்கத் துடிக்கிறாள். கடிவாளம் என்றால் குதிரை, வெள்ளோட்டம் என்றால் கப்பல். ஒரே நொடியில் இரண்டுமாக எப்படி இருக்கும், கப்பல் இறங்காமல் தடுக்கக் கடிவாளமா என்று கேட்கிறார். ஹாம்லெட்டின் 'துன்பக் கடலை எதிர்த்து ஆயுதம் எடுப்ப'தும் அதே பட்டியலில்.

#8 பனையோலை

ஹாம்லெட் விஷயத்தில் நான் ஷேக்ஸ்பியர் கட்சி. கடல்மேல் வேல் எறிந்த பாண்டியனைச் சிலப்பதிகாரத்தில் படித்தவருக்கு அந்தப் படம் கூடிவரும். கடலை எதிர்த்து ஆயுதம் எடுப்பவனின் வெறி, அது வெல்லாது என்ற அறிவு, இரண்டும் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன. பிளேயரின் பென்சில் குதிரைக் கப்பலைச் சரியாகப் பிடிக்கிறது, வெறியைப் பிடிக்கத் தெரியவில்லை.

#9 வேதவாசகன்

எல்லாரும் விரிவுரையிலேயே நிற்கிறீர்கள். அவர் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது பிரசங்கத் தொகுதி. பதிப்புக் கதையே போதும். அச்சக முதலாளி ஸ்ட்ராஹன் முதலில் வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார். அதற்கிடையே ஒரு பிரசங்கத்தை அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் பார்வைக்கு அனுப்பியிருந்தார். 1776 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜான்சனிடமிருந்து சீட்டு வருகிறது: நன்று என்றால் போதாது, அதற்கும் மேல் என்று. முதல் தொகுதிக்குப் பேசிய விலை 100 பவுண்டு. விற்ற வேகத்தைப் பார்த்துப் பதிப்பாளர்களே 50, இன்னொரு 50 என்று கொடுத்து இரட்டிப்பாக்கினார்கள். இரண்டாம் தொகுதிக்கு 300, மூன்றாவதுக்கு 600. பேராசிரியர் பதவிக்கு அவருக்கு ஆண்டுச் சம்பளம் 70 பவுண்டு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொடங்க ஒன்று கேட்டால், முதல் தொகுதியில் ஆமானைப் பற்றியது. எஸ்தர் 5:13. அகாஸ்வேரு ராஜாவின் அரண்மனையில் எல்லாருக்கும் மேலான இடம் ஆமானுக்கு. வீட்டுக்கு வந்து மனைவியையும் நண்பர்களையும் கூட்டி வைத்து, தன் செல்வம், பிள்ளைகளின் எண்ணிக்கை, ராஜா தந்த உயர்வு, ராணியின் விருந்துக்குத் தன்னை மட்டும் அழைத்தது என்று அடுக்குகிறான். கடைசியில், அந்த யூதன் மொர்தெகாய் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்வரை இவையெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்கிறான். ஒரு மனிதன் எழுந்து வணங்கவில்லை, அவ்வளவே.

பிளேயர் இதை மூன்றாகப் பிரிக்கிறார். ஒரே ஒரு தீய உணர்ச்சி இவ்வளவு வாட்டும் என்றால் தீமை எத்தனை துயரமானது. உச்சத்தில் நிற்கும்போதும் ஒரு ஏமாற்றம் எல்லா ருசியையும் கெடுத்துவிடும் என்றால் செல்வாக்கால் என்ன பயன். உண்மைத் துன்பம் இல்லாத இடத்தில் தானே ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும் மனித இயல்பு எவ்வளவு பலவீனமானது. நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை. ஆமானின் தண்டனை அவன் வீட்டுக் கூடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது.

#10 கல்மண்டபம்

அதனால்தான் அவருடைய எதிர்த்தரப்பார், இது கிறிஸ்துவே இல்லாத கிறிஸ்தவம், வெறும் ஒழுக்கப் பேச்சு என்றார்கள். செயின்ட் ஜைல்ஸில் அவரோடு பணிசெய்த ராபர்ட் வாக்கர் அந்தத் தரப்பைச் சேர்ந்தவர். இருவரையும் வைத்து ஒரு கதை சொல்வார்கள், கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அறம் உடலெடுத்து வந்தால் உலகமே காதலிக்கும் என்று பிளேயர் காலையில் பிரசங்கித்தாராம். வந்தது, சிலுவையில் அறைந்தோம் என்று வாக்கர் மாலையில் பதில் சொன்னாராம்.

#11 வேதவாசகன்

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் தொகுதியின் முதல் பிரசங்கத்தைப் படித்தவர் 'வெறும் ஒழுக்கம்' என்று சொல்ல முடியாது. கொர்நேலியுவின் ஜெபமும் தருமமும் (அப்போஸ்தலர் 10:4) என்ற வசனத்தில் அவர் பிடிப்பதே அந்த 'உம்'களைத்தான். பக்தி இருந்து நடத்தை இல்லாதவனையும், நடத்தை இருந்து பக்தி இல்லாதவனையும் ஒரே பிரசங்கத்தில் நிறுத்திக் கேட்கிறார்.

நான் இன்னொன்று சொல்ல வந்தேன். நாணல் தொடக்கத்தில் விரிவுரை வேறு, பிரசங்கம் வேறு என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. மென்மை பற்றிய பிரசங்கத்தைப் பாருங்கள். முதலில் மென்மை எது இல்லை என்று அறுக்கிறார்: எதற்கும் தலையாட்டும் கோழைத்தனம் இல்லை, எல்லாருக்கும் இசைந்துபோகும் குணம் இல்லை, பழகிக் கற்ற நாகரிகப் பூச்சு இல்லை. இந்த மூன்றையும் நாம் மென்மை என்றுதான் அழைத்துக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் அதில் தவறுகிறோம். சொல் தெளிந்தால்தான் நடத்தை தெளியும் என்பது அவர் முறை. 10-ஆம் விரிவுரையில் ஒருபொருட் சொற்களைப் பிரித்துக்காட்டுவது இதே வேலைதான்.

#12 பனையோலை

10-ஆம் விரிவுரை! அதைத் தமிழில் செய்து பார்த்தால் நம் மொழியின் சட்டைப்பை எங்கே தைத்திருக்கிறது என்று தெரியும்.

'பிரைடு', 'வேனிட்டி' என்று ஒரு சோடி. முதலாவது நம்மையே நாம் மதிக்க வைக்கிறது, இரண்டாவது பிறர் மதிக்க வேண்டும் என்று ஆசைப்பட வைக்கிறது. ஆகவே ஸ்விஃப்ட் சொன்னதுபோல ஒருவன் 'வேனிட்டி' கொள்ள முடியாத அளவுக்குப் 'பிரைடு' உள்ளவனாக இருக்கலாம். அகராதியைப் பார்த்து இரண்டுக்கும் 'பெருமை', 'தற்பெருமை' என்று போட்டால் வாக்கியம் செத்தது. 'கர்வம்', 'பெருமைக்கு அலைவது' என்று போடுங்கள்: பெருமைக்கு அலையக்கூட இடம் கொடுக்காத கர்வம். நிற்கிறது.

இன்னொன்று: 'வித்', 'பை'. குற்றவாளியைக் கயிற்றால் கட்டுகிறார்கள், தண்டனை நிறைவேற்றுபவனால் கட்டப்படுகிறான். ஆங்கிலத்தில் கருவிக்கு ஓர் உருபு, செய்பவனுக்கு ஓர் உருபு. தமிழில் இரண்டுக்கும் 'ஆல்'. கருவி, கருத்தா இரண்டும் மூன்றாம் வேற்றுமை என்று நன்னூல் ஒரே வரியில் போட்டுவிட்டது. அதனால் அவர் அங்கே தரும் அழகான எடுத்துக்காட்டு தமிழில் கரைந்துபோகிறது: நிலம் எந்த உரிமையில் வந்தது என்று ஒரு ஸ்காட்லாந்து அரசன் கேட்க, பிரபுக்கள் வாளை உருவி, இவற்றால் பெற்றோம், இவற்றைக் கொண்டு காப்போம் என்றார்களாம். முதலாவது 'பை', இரண்டாவது 'வித்'. 'கொண்டு' என்று நான் போட்டது ஒட்டுத்தையல்தான்.

வியப்புச் சொற்கள் நான்கு வைத்திருக்கிறார்: புதியது கண்டு ஒன்று, பெரியது கண்டு ஒன்று, புரியாதது கண்டு ஒன்று, பயங்கரமானது கண்டு ஒன்று. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, தொல்காப்பியம் சொல்லும் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முதல் இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன. அடுத்த இரண்டும் பொருந்தவில்லை, பொருத்திப் பார்க்க யாரும் சிரமப்பட வேண்டாம்.

#13 முற்றுப்புள்ளி

அதே விரிவுரையில் ஓர் ஓட்டை. புதிதாக ஆக்குவது ஒன்று, மறைந்திருந்ததைக் காண்பது வேறொன்று என்று பிரித்துவிட்டு, கலிலியோ தொலைநோக்கியை ஆக்கினார், ஹார்வி ரத்த ஓட்டத்தைக் கண்டார் என்கிறார். ஹார்வி சரி, 1628. தொலைநோக்கிக்கு ஹாலந்தில் லிப்பர்ஷே 1608-லேயே காப்புரிமை கேட்டாயிற்று. கலிலியோ மறு ஆண்டு அதை மேம்படுத்தினார். சொல்லைப் பிரித்தது சரி, எடுத்துக்காட்டு பிழை. தமிழில் இந்த வம்பே இல்லை, இரண்டுக்கும் 'கண்டுபிடித்தார்' என்று போட்டுவிட்டுப் போய்விடலாம்!

#14 கல்மண்டபம்

எடுத்துக்காட்டில் பிழை விடுவது சின்னது. ஓசியன் என்ற பழம்புலவன் பெயரில் நடந்த விவகாரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

1760-இல் ஜேம்ஸ் மெக்பெர்சன் என்ற இளைஞர், ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கேலிக் மொழிப் பழம்பாடல்களின் மொழிபெயர்ப்பு என்று சில துணுக்குகளை வெளியிடுகிறார். பெயர் போடாமல் முன்னுரை எழுதியவர் பிளேயர். முழுக் காவியமே மலைநாட்டில் கிடக்கிறது என்று நம்பி, மெக்பெர்சனை அனுப்பப் பணம் திரட்டியதும் பிளேயர்தான். ஓசியன் பாடியது என்று 'ஃபிங்கல்' காவியம் வந்தது. 1763-இல் ஓசியனை ஹோமரோடு வைத்து ஒப்பிட்டு பிளேயர் ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார். அவருக்குக் கேலிக் தெரியாது.

அதே ஆண்டு லண்டனில் ஜான்சனைச் சந்திக்கிறார். இந்தக் காலத்து மனிதர் யாராவது இப்படிப்பட்ட பாடல்களை எழுதியிருக்க முடியுமா என்று கேட்கிறார். முடியும் ஐயா, ஆண்கள் பலரும், பெண்கள் பலரும், குழந்தைகள் பலரும் என்று பதில். ஆய்வுரை அச்சானது ஜான்சனுக்கு அப்போது தெரியாது. இப்பேர்ப்பட்டவரிடம் ரசனை கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

#15 தாழ்வாரம்

தவறியது உண்மை. எப்படித் தவறினார் என்பதில்தான் படிக்க வேண்டியது இருக்கிறது. 6-ஆம் விரிவுரையைப் பிறகு பார்க்க வேண்டிவரும் என்றேனே, அது இதற்குத்தான். மனித குலத்தின் முதல் மொழி அணிகள் நிறைந்தது, உணர்ச்சி மிகுந்தது, பொதுச்சொல்லும் இணைப்புச்சொல்லும் குறைந்தது. சமூகம் வளர வளரத்தான் மொழி தெளிந்து குளிர்ந்து உரைநடையாகிறது. இது அவருடைய கொள்கை. ஆய்வுரையில் அதையே அளவுகோலாக்கினார். ஓசியனில் வேட்டைச் சமூகம் தெரிகிறது, கருத்துப்பெயர்கள் இல்லை, உவமை கொட்டிக் கிடக்கிறது. ஆகவே இது தொன்மையானது என்று. அந்தக் கொள்கை மெக்பெர்சனும் மூச்சுவிட்ட காற்றில் இருந்தது. பழமை எப்படி ஒலிக்க வேண்டும் என்று அறிஞர்கள் எதிர்பார்த்தார்களோ அப்படியே எழுதிக் கொடுத்தார். பூட்டைச் செய்தவரிடமே சாவி அளவெடுத்த கதை.

ஹியூம் நண்பராக இருந்தும் விடவில்லை. 1763-இல் பிளேயருக்கு எழுதினார்: உள்ளிருந்து தேடும் சான்று போதாது, மலைநாட்டுக்குப் போய் யார் எந்த வரியை வாய்மொழியாகக் கேட்டார்கள் என்று சாட்சி வாங்கு. பிளேயர் மலைநாட்டுப் போதகர்களுக்கு எழுதி வாக்குமூலங்களைத் திரட்டி 1765 பதிப்பில் பின்னிணைப்பாகச் சேர்த்தார். ஆனால் கேட்டவர் நம்ப விரும்பியதையே பலரும் உறுதிசெய்து அனுப்பியிருந்தார்கள். மலைநாட்டில் பழம்பாடல்கள் உண்மையில் இருந்தன, மெக்பெர்சன் அவற்றிலிருந்து எடுத்தும் இருக்கிறார். ஆனால் அச்சில் வந்த காவியம் அவர் கட்டியது.

#16 நாணல்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்று கேட்க வேண்டும். 19-ஆம் விரிவுரையில் எழுத்துப் பயிற்சிக்கு வழி சொல்லியிருக்கிறாராமே, அதன் செய்முறை என்ன?

#17 தாழ்வாரம்

நல்ல ஆசிரியர் ஒருவரின் உரைநடையில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கவனித்து இரண்டு மூன்று முறை படி, கருத்துகள் முழுசாக உன்னுடையவை ஆகும்வரை. புத்தகத்தை மூடி வை. நினைவிலிருந்து உன் சொல்லில் எழுது. பிறகு புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடு. எங்கே நீ நீட்டினாய், எங்கே சொல் தவறியது, அவர் எதை முதலில் வைத்தார் என்பதை அப்போதுதான் காண்பாய்.

இது கெடுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்: படித்த உடனே எழுதினால். சொற்கள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். நீங்கள் எழுதுவது மனப்பாடப் பரீட்சை ஆகிவிடும், ஒப்பிட ஒன்றும் இருக்காது. நான் சொல்வது, பிளேயர் அல்ல: ஒரு பொழுதாவது இடைவெளி விடுங்கள். இன்னொன்று, அவர் பக்கத்தையே அளவுகோலாக்கி உங்கள் பக்கத்தை அதற்கு இழுக்காதீர்கள். ஒரே ஆசிரியரை அப்படியே போலச்செய்வது நடையைக் கெடுக்கும் என்று அதே விரிவுரையில் எச்சரிக்கிறார்.

வேகம் பற்றி ரோமச் சொற்கலை ஆசிரியர் குவின்டிலியனை மேற்கோள் காட்டுகிறார். வேகமாக எழுதி நன்றாக எழுதப் பழக முடியாது; நன்றாக எழுதினால் வேகம் தானே வரும். எழுதியதைச் சில நாள் ஒதுக்கி வை. எழுதிய சூடும் அந்தச் சொற்கள்மேல் உள்ள பாசமும் ஆறிய பிறகு எடுத்து வெட்டு.

#18 வேதவாசகன்

மேடைப் பேச்சுக்குத் தயார் செய்பவர்கள் 31, 32-ஆம் விரிவுரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கம், பகுப்பு, விளக்கம், வாதம், உருக்கம், முடிவு என்று ஆறு உறுப்பு. தொடக்கவுரையை முதலில் எழுதாதே என்கிறார். பொருள் முழுதும் மனதில் செரித்த பிறகே அதற்குரிய தொடக்கம் தானாக வரும். முன்னாலேயே எழுதினால் எந்தப் பேச்சுக்கும் ஒட்டக்கூடிய பொது முன்னுரைதான் கிடைக்கும். ரோமப் பேச்சாளர் சிசரோவின் நூலிலும் இதே அறிவுரை உண்டு.

வாதங்களில், வலுவானவற்றைத் தனித்தனியே நிறுத்து, ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும். சந்தேகமானவற்றைக் கும்பலாகச் சேர்த்துவிடு. பொதுவாக ஏறுவரிசை நல்லது.

உருக்கத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். இப்போது உங்கள் உள்ளம் உருகப்போகிறது என்று முன்னறிவிப்புக் கொடுக்காதே. கேட்பவர் உடனே கதவைச் சாத்திக்கொள்வார். உணர்ச்சி எழுந்தால் நீட்டாதே. நடுவில் உவமையைத் தேடிப் போகாதே. எல்லாவற்றுக்கும் முன்னால், உனக்கு உருகவில்லை என்றால் அந்தப் பகுதியையே தொடாதே. பிரசங்கத்தைத் தாளைப் பார்த்து வாசிக்கும் பிரிட்டிஷ் வழக்கம் பேச்சின் வலிமையைக் கெடுத்தது என்று 29-ஆம் விரிவுரையில் குறைபடுவதும் இதோடு சேர்ந்தது.

#19 முற்றுப்புள்ளி

ஓசியனைத் தூக்கிப்பிடித்தவருக்கு உண்மையான ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எதிரே வந்து நின்றபோது என்ன செய்தார் என்பதும் பதிவாகட்டும். 1786 கடைசியில் பர்ன்ஸ் எடின்பரோ வருகிறார், ஊரே அழைத்து விருந்து வைக்கிறது, பிளேயரும். புதுப் பதிப்புக்குப் பாடல்களைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறார். உழைப்பாலும் பயிற்சியாலும் ஒருவர் எவ்வளவு உயரலாம் என்பதற்கு பிளேயர் அதிசயமான சான்று என்று பர்ன்ஸ் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பாராட்டு மாதிரி இருக்கும். பிறவித் திறமை சாதாரணம்தான் என்பதையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார். அவரது 'வேனிட்டி' ஊரறிந்தது என்பதையும் விடவில்லை.

#20 பனையோலை

'பெருமைக்கு அலைவது' ஊரறிந்தது. 10-ஆம் விரிவுரைக்காரருக்கே அந்தச் சொல்!

ஆனால் அவர் சொன்ன ஒரு திருத்தம் பொன். 'ஹோலி ஃபேர்' பாடலில், திறந்தவெளிப் பிரசங்கக் கூட்டத்தில் மூடி என்ற போதகர் மேடை ஏறுகிறார், 'டைடிங்ஸ் ஓ சால்வேஷன்', மீட்பின் செய்தியோடு. நரகத்தைக் காட்டி அலறும் போதகர் அவர். பிளேயர் 'சால்வேஷ'னை 'டாம்னேஷன்' ஆக்கச் சொன்னார், மீட்பை ஆக்கினைத் தீர்ப்பாக. அசை எண்ணிக்கை மாறவில்லை, எதுகை கெடவில்லை, சிரிப்பு இரட்டிப்பானது. போதகரைக் கிண்டல் செய்யும் பாட்டுக்குக் கூர் தீட்டிக் கொடுத்தது ஒரு போதகர்.

#21 நாணல்

அந்தப் பாட்டைத் தேடினேன், நான் பார்த்த பிரதியில் 'சால்வேஷன்' என்றே இருக்கிறதே?

#22 முற்றுப்புள்ளி

1786-இல் கில்மார்னக் ஊரில் அச்சான முதல் பதிப்பைப் பார்த்திருப்பீர்கள். மாற்றம் 1787 எடின்பரோ பதிப்பில்தான் வருகிறது. கில்மார்னக்கை அப்படியே படியெடுத்த பதிப்புகளில் பழைய சொல்லே இருக்கும்.